சுதந்திர தினத்துக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கப் போய் நான் பட்ட பாடு

2022 ஆகஸ்ட் 11, இரவு பதினொரு மணி இருக்கும். மூன்று வாரம் பாடுபட்டுத் தயாரித்த காணொளியை இணையத்தில் ஏற்றிவிட்டு, எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் சுட்டியைப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் முதல் பதில் வந்தது: "மேடம், சத்தமே வரலையே?" என் போனில்தான் ஏதோ கோளாறு என்று ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். பதினெட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். ஒரு சத்தமும் இல்லை. கீழே ஓர் அறிவிப்பு, இதிலுள்ள ஒலிக்கு வேறொருவர் உரிமை கோரியிருக்கிறார் என்று. சுதந்திர தினப் பாட்டுக்கு வாய்ப்பூட்டு! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கையை விட்டுப் போனது மொத்தம் 29,100 ரூபாய். அதில் 10,000 எங்கள் குடியிருப்புச் சங்கம் கொடுத்தது. மீதி 19,100 என் சிறுவாட்டுப் பணம். வீட்டுக்காரரிடம் இன்றுவரை பாதித் தொகையைத்தான் சொல்லியிருக்கிறேன். பணம் போனதைவிட, ஒவ்வொரு இடத்திலும் "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்று தோன்றியதுதான் அதிகம் வலித்தது. அடுத்த ஆகஸ்டிலோ ஜனவரியிலோ உங்களிடமும் யாராவது "பிள்ளைங்களுக்கு ரெண்டு தேசபக்திப் பாட்டு சொல்லிக் கொடுங்களேன்" என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சரி சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் இருப்பது திருச்சியில் 64 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. ஜூலை மூன்றாவது வாரக் கூட்டத்தில் செயலாளர் சார், "சுதந்திரம் வாங்கி 75 வருஷம் ஆகுது, இந்த வருஷம் வழக்கம்போல கொடியேத்தி மிட்டாய் கொடுத்தா போதாது. நீங்கதான் நல்லா பாடுவீங்களே மேடம்" என்றார். நான் பாட்டு கற்றது பள்ளிக்கூடக் காலத்தில் நாலு வருடம். அதற்குப் பிறகு பாடியதெல்லாம் நவராத்திரி கொலுவில்தான். ஆனாலும் எல்லார் முன்னாலும் கேட்டதும் மறுக்க மனம் வரவில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. துணைக்கு ஒருவரையும் கேட்டுக்கொள்ளாமல் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன் பாருங்கள், முதல் தவறு அதுதான்.

இரண்டாவது தவறு, பாட்டுகளை இரவுச் சாப்பாட்டு மேசையில் கால் மணி நேரத்தில் தேர்ந்தெடுத்தது. தாயின் மணிக்கொடி, ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, கத்தியின்றி ரத்தமின்றி, வெள்ளிப் பனிமலையின், அச்சமில்லை அச்சமில்லை, கடைசியில் நாட்டுப்பண். எல்லாம் சின்ன வயதிலிருந்து தெரிந்த பாட்டுகள்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தெரிந்த பாட்டுதான் ஆளைக் கவிழ்க்கும். தெரியாத பாட்டு என்றால் நாலு பேரிடம் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வீடு கொடுக்க ஒரு பாட்டுப் புத்தகம் போடலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். வண்ண அட்டை, பதினாறு பக்கம், 200 பிரதி, ஒன்று 38 ரூபாய் என்று 7,600 ஆனது. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே இரண்டு வரி குறிப்பு எழுதினேன். குறிப்பு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? வாட்ஸப்பில் வந்ததும், இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதும். அறுபது பிரதியை நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை மூன்றாவது மாடியில் இருக்கும் தமிழாசிரியர் ஐயாவிடமிருந்து போன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, எண்பதை நெருங்குகிறார். "நேரம் இருந்தா கொஞ்சம் வந்துட்டுப் போம்மா" என்றார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

அவர் பென்சிலால் மூன்று இடத்தில் சுழித்து வைத்திருந்தார். முதல் சுழி, 'கத்தியின்றி ரத்தமின்றி' பாட்டுக்கு மேல் நான் போட்டிருந்த பாரதி படம். அது நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதியது. எனக்கு அவரைத் தெரியும், 'தமிழன் என்றோர் இனமுண்டு' எழுதியவர் என்றும் தெரியும். ஆனாலும் வீர நடையில் ஒரு சுதந்திரப் பாட்டு என்றதும் கை தானாகப் பாரதி படத்தைத் தேடிப் போய்விட்டது. இரண்டாவது சுழி, 'ஆடுவோமே' பாட்டுக்கு நான் எழுதிய குறிப்பு: 'சுதந்திரம் கிடைத்த நாளில் பாரதியார் மகிழ்ந்து பாடியது'. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாரதி எப்போ காலமானாரும்மா?" என்று மட்டும் கேட்டார். 1921 என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே உறைத்தது. 26 வருடம் முந்தியே போய்விட்ட மனிதரை 1947இல் ஆட வைத்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது, அது வேறு. ஆனால் அன்று மாடிப்படி இறங்கும்போது வேறொன்றும் மண்டையில் ஓடியது. 'ஆனந்த சுதந்திரம் அடைந்து விட்டோமென்று' என்பதை நான் எத்தனை முறை பாடியிருப்பேன். அடைந்து முடித்தவர்கள் பாடும் பாட்டு என்றே நினைத்திருந்தேன். வெள்ளைக்காரன் ஆட்சி அசையாமல் இருந்த காலத்தில், புதுச்சேரியில் பத்து வருடம் தஞ்சம் புகுந்து, வெளியே வந்தால் கைது என்ற நிலையில் வாழ்ந்த ஒருவர் எழுதியது அது. அடைந்துவிடுவோம் என்றுகூட இல்லை, அடைந்து விட்டோம் என்று எழுதிவிட்டார்! பள்ளு என்பது வயலில் வேலை செய்கிறவர்களை வைத்துப் பாடும் பழைய வடிவம். அந்த வடிவத்தை எடுத்து, 'எங்கும் சுதந்திரம் என்பதே பேச்சு, நாம் எல்லோரும் சமமென்பது உறுதியாச்சு' என்று அவர்கள் ஆடுவதாகவே பாடியிருக்கிறார். 1947 தொடக்கத்தில் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் இந்தப் பாட்டு ஒலித்தபோதும் சுதந்திரம் வந்திருக்கவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் அவரே பாடியபோதுதான் பாட்டும் நாட்டு நிலவரமும் ஒரு வழியாக ஒன்றாயின. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி சிரித்துக்கொண்டே பாட முடியவில்லை. தொண்டையில் எங்கேயோ ஒரு இடத்தில் சிக்குகிறது.

மூன்றாவது சுழிதான் என்னைக் கவிழ்த்தது. 'தாயின் மணிக்கொடி' பக்கத்தில் அழகாக மூவர்ணக் கொடி அச்சடித்திருந்தேன். அசோகச் சக்கரத்தோடு. ஐயா கேட்டார்: "பாட்டுல கொடியில என்ன எழுதியிருக்கு?" எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் பக்கம் போதவில்லை என்று பாதிப் பாட்டை நான்தான் வெட்டியிருந்தேன். முதல் சரணத்திலேயே, கம்பத்தின் உச்சியில் கொடியில் வந்தே மாதரம் என்று எழுதியிருப்பதாக வருகிறது. பிறகு, 'இந்திரன் வச்சிரம் ஓர்பால், அதில் எங்கள் துருக்கர் இளம்பிறை ஓர்பால்' என்று வருகிறது. நடுவில் மந்திரம். இன்றைய தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22இல். பாரதி கண்டது வேறொரு கொடி. அந்தக் காலத்தில் நாட்டுக்கு ஒரு கொடி வேண்டும் என்று ஆளாளுக்கு வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரதி குருவாகக் கொண்டாடிய, விவேகானந்தரின் சீடர் நிவேதிதை வரைந்த கொடியிலும் வச்சிராயுதமும் வந்தே மாதரமும் உண்டு. நான் வெட்டிய சரணத்தில்தான் வச்சிரமும் பிறையும் ஒரே துணியில் இருந்தன. 'எங்கள் துருக்கர்' என்ற அந்த 'எங்கள்' என் கத்தரியில் போய்விட்டது. என் குழுவில் முதல் வரிசையில் நிற்கும் பையன்களில் இரண்டு பேர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்.

அப்போதாவது நான் நிதானமாக யோசித்திருக்க வேண்டும். ஒரு திருத்தத் தாள் அச்சடித்து உள்ளே செருகியிருந்தால் முந்நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். ஐயாவும் அதைத்தான் சொன்னார். எனக்கு மானப் பிரச்சினை. கொடுத்த அறுபதையும் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி 200 பிரதி போட்டேன். இன்னொரு 7,000. உங்களுக்கு என் புத்திமதி, அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எழுதியது, எப்போது எழுதியது, எதற்காக எழுதியது என்று மூன்று கேள்வியைப் போட்டு, விடையைக் கவிஞரின் முழுத் தொகுப்பிலிருந்து எடுங்கள். பாரதி நூல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசே 1949இல் வாங்கிப் பிறகு பொதுவாக்கிவிட்டது. இப்படி நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாட்டைச் சுருக்க வேண்டியிருந்தால் முழுசாகப் படித்துவிட்டுச் சுருக்குங்கள். தமிழ் படித்த எழுபது எண்பது வயதுக்காரர் ஒருவர் எல்லாக் குடியிருப்பிலும் இருப்பார். அவரிடம் அச்சுக்கு முன்னால் காட்டுங்கள், என்னைப் போலப் பின்னால் காட்டாதீர்கள்.

ஒத்திகை இன்னொரு கூத்து. மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பதினெட்டுப் பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை. இணையத்தில் கிடைத்த கரோக்கியைப் போட்டுப் பாடச் சொன்னேன். அந்தப் பின்னணி இசையெல்லாம் பெரிய ஆண் பாடகர்களின் சுருதிக்கு வைத்தது. பிள்ளைகள் கீழ்ஸ்தாயியில் முனகுவார்கள், இல்லாவிட்டால் மேலே போய்க் கத்துவார்கள். நாலு நாளில் இரண்டு பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு தாய் சண்டைக்கே வந்துவிட்டார். சுருதிப் பெட்டியை நாலரை, ஐந்து கட்டையில் வைத்து வெறும் தாளம் போட்டுப் பாட வைத்தாலே போதும், கரோக்கி வேண்டாம் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

சுருதி சரியானாலும் உயிர் வரவில்லை. 'கத்தியின்றி' பாட்டை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்தார்கள். ஒரு பெண் குழந்தை கேட்டது: "ஆன்ட்டி, கத்தி இல்லாம எப்படி யுத்தம்?" எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அன்று இரவு ஐயாவிடம் கேட்டுவிட்டு, அடுத்த நாள் அவர்களை உட்கார வைத்துக் கதை சொன்னேன். 1930இல் காந்தி தண்டி யாத்திரை போன பிறகு, இங்கே ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் உப்பு எடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தே போனார்கள். ஏப்ரல் 13இல் கிளம்பி 28இல் போய்ச் சேர்ந்தார்கள், கிட்டத்தட்ட 150 மைல். கிளம்பிய இடம் நம்ம ஊர்தான், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீடு. வழியில் இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். அப்படியும் ஊர் ஊராகச் சனங்கள் மரத்தில் சோற்று மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பசியாற்றினார்கள். அந்த நடைக்காக எழுதப்பட்டதுதான் இந்தப் பாட்டு. நின்றுகொண்டு பாடுவதற்கு எழுதியது இல்லை.

சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. எல்லாரையும் எழுப்பி மொட்டை மாடியைச் சுற்றி நடக்க வைத்தேன். கத்தியின்றி, ரத்தமின்றி, யுத்தமொன்று, வருகுது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி, இடது வலது இடது வலது. இரண்டாவது சுற்றில் யாரும் சொல்லித் தராமலே தாளம் கூடிவிட்டது. 'குதிரையில்லை யானையில்லை' வரும்போது ஆறு வயதுப் பொடியன் கையை வீசிக்கொண்டு போனான். சித்திரை வெயிலில் கால் கொப்புளத்தோடு நடக்கிறவனுக்கு அடுத்த அடியை எடுத்து வைக்க இந்தத் தாளம் எப்படிக் கைகொடுத்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைகளுக்கு ராகத்தைச் சொல்லும் முன் கதையைச் சொல்லுங்கள். நான் பத்து நாள் தலைகீழாகச் செய்தேன், பத்து நாளும் தண்டம்.

கதை கேட்கும் ருசி வந்ததும் பிள்ளைகள் ஐயாவையே மொட்டை மாடிக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அவர் நாடக நடிகர் விஸ்வநாத தாஸைப் பற்றிச் சொன்னார். வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி வரும். அதில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய 'கொக்கு பறக்குதடி பாப்பா' பாட்டை அவர் பாடுவார். கதைக்குப் பொருத்தமான பாட்டுதான். ஆனால் அந்த வெள்ளைக் கொக்கு எது என்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஓரமாக நிற்கும் போலீசுக்கும் தெரியும். மனிதர் எத்தனையோ முறை சிறைக்குப் போனார். 1940இல் முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் விட்டார். இதைச் சொல்லி முடித்ததும் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு பையன், "அப்போ கொக்கு பாட்டையும் சேர்த்துக்கலாம் ஆன்ட்டி" என்றான். நேரம் இல்லை என்று மறுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் மற்ற எதையாவது விட்டுவிட்டு அதைச் சேர்த்திருக்கலாம்.

இனி அந்தச் சத்தமில்லாத காணொளி. ஆகஸ்ட் முதல் சனி ஞாயிறில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் 8,500 ரூபாய்க்கு இரண்டு பாட்டைப் பதிந்தோம். படம் பிடித்து வெட்டி ஒட்ட 6,000. மொட்டை மாடியில் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, 'வீடியோவுக்கு மியூசிக் இல்லாம நல்லா இருக்காது' என்று கூடத்துக்காரர் சொன்னதைக் கேட்டு மறுபடி கரோக்கிக்குப் போனேன். ஒரு பழைய படப் பாட்டின் பின்னணி இசை அது. "உரிமைப் பிரச்சினை எதுவும் வருமா தம்பி?" என்று கேட்கத்தான் செய்தேன். "பாரதியார் பாட்டுக்கு யார் மேடம் காப்பிரைட் கேக்கப் போறா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நியாயம்தான், பாட்டின் வரிகளுக்கு மட்டும். வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் உரிமை தனித்தனி என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அவர்கள் இறந்து 60 வருடம் வரை உரிமை. ஒலிப்பதிவுக்கு அது வெளியான பிறகு 60 வருடம். பாரதியின் வரிகள் ஊர்ப் பொது. அதற்கு ஒரு திரை இசையமைப்பாளர் போட்ட மெட்டு அப்படி ஆகாது, அதை வைத்து யாரோ செய்த கரோக்கி அதைவிடச் சிக்கல். நாட்டுக்காக எழுதிய பாட்டு, அதன் உரிமையை நாடே வாங்கி மக்களுக்குக் கொடுத்திருக்கிறது, அதைப் பிள்ளைகள் பாடினால் சத்தத்தை அமுக்குகிறார்கள் என்று அன்று இரவு எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. மறுநாள் ஆட்சேப மனு போடப் பார்த்தேன். பதில் வர நாளாகும், கையில் இருந்தது மூன்று நாள். விட்டுவிட்டேன். நீங்கள் பதிவு செய்வதாக இருந்தால், பழைய மரபு மெட்டிலோ நீங்களே போட்ட மெட்டிலோ தம்புராவும் கைத்தட்டலும் வைத்துப் பாடிவிடுங்கள். கூடத்துக்காரர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்.

நாட்டுப்பண்ணிலும் ஒரு சறுக்கல். முழுசாகப் பாட ஏறத்தாழ 52 வினாடி என்பது விதி. எங்கள் பிள்ளைகள் உருக்கமாக இழுத்ததில் ஒரு நிமிடம் பத்து வினாடி வந்தது. கடிகாரம் வைத்துப் பழக்கினேன். 'உத்கல' எல்லார் வாயிலும் 'உச்சல' ஆகியிருந்தது. அது ஒடிசாவின் பழைய பெயர் என்று சொன்னதும் சரியானது. ஜலதி என்றால் கடல், தரங்கம் என்றால் அலை என்று பொருள் சொன்னதும் மற்றதும் சரியானது. "சிந்து பாகிஸ்தான்ல தானே இருக்கு, ஏன் பாடறோம்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. தாகூர் பாட்டு முதலில் பாடப்பட்டது 1911 டிசம்பர் 27இல், கல்கத்தா காங்கிரஸில். அப்போது பிரிவினை என்ற பேச்சே இல்லை. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2005இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பாட்டு பிறந்த நாளில் தேசம் எப்படி இருந்ததோ அப்படியே பாட்டில் உறைந்து நிற்கிறது என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்கப்புறம் சிந்துவைக் கொஞ்சம் அழுத்தியே பாடினான்.

சரி, காணொளியும் போயிற்று, கரோக்கியும் போயிற்று. ஆகஸ்ட் 12 மாலை எந்த மெட்டில் 'தாயின் மணிக்கொடி' பாடுவது என்று தெரியாமல் பாரதி தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாட்டின் தலைப்புக்குக் கீழே ஒரு சின்னக் குறிப்பு: தாயுமானவர் ஆனந்தக் களிப்பு வர்ண மெட்டு. 'சங்கர சங்கர சம்பு' என்று வரும் பாட்டு அது. வாய்க்குள் முனகிப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த மெட்டு எனக்குத் தெரியும்.

என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். மாவரைக்கும்போது 'தாயின் மணிக்கொடி பாரீர்' பாடும். ஆனால் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாடுகிற மாதிரி இருக்காது. 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' பாட்டு போலவே இருக்கும். ஆறாம் வகுப்பில் நான் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய திமிரில், "தப்புத் தப்பா பாடாத அப்பாயி, அது ஆண்டிப் பாட்டு மெட்டு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்பாயி கோபப்படவில்லை. "எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இப்படித்தான் ஆயி" என்று மட்டும் சொன்னது. அதற்கப்புறம் நான் இருக்கும்போது அந்தப் பாட்டைப் பாடியதே இல்லை. 1998இல் போய்ச் சேர்ந்துவிட்டது.

'நந்தவனத்தில் ஓர் ஆண்டி, அவன் நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டி.' 'தாயின் மணிக்கொடி பாரீர், அதைத் தாழ்ந்து பணிந்து புகழ்ந்திட வாரீர்.' இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, தாயுமானவரின் அதே ஆனந்தக் களிப்புச் சந்தம். புதுப் பாட்டைச் சனங்கள் வாயில் ஏற்ற, ஏற்கெனவே அவர்கள் வாயில் இருந்த மெட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார் பாரதி. நொண்டிச் சிந்து, பள்ளு, பண்டாரப் பாட்டு என்று பிச்சைக்காரர் பாடியதும் வயலில் பாடியதும்தான் அவர் எடுத்துக்கொண்ட வண்டிகள். 'அச்சமில்லை' பாட்டுக்கே அவர் வைத்த பெயர் பண்டாரப் பாட்டு. தப்பாகப் பாடியது அப்பாயி இல்லை, நான்தான். வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் போனார்கள். 1930இல் அப்பாயிக்கு ஏழெட்டு வயது இருந்திருக்கும். பார்த்ததா, பாட்டைக் கேட்டதா, யார் சொல்லிக் கொடுத்தார்கள், ஒன்றையும் நான் கேட்டு வைக்கவில்லை. 19,100 ரூபாயைக்கூட எப்படியோ ஈடுகட்டிவிட்டேன். உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது பழைய பாட்டை வேறு மாதிரி பாடினால், திருத்தாமல் போனில் பதிந்து வையுங்கள்.

அந்த மெட்டைப் பிள்ளைகளுக்கு 13ஆம் தேதி காலை சொல்லிக் கொடுத்தேன். ஒரே மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள், கரோக்கியோடு பத்து நாள் மல்லுக்கட்டிய அதே பிள்ளைகள். இளம்பிறைச் சரணத்தையும் சேர்த்தேன். 15ஆம் தேதி கொடியேற்றியதும் சுருதிப் பெட்டி மட்டும் வைத்துப் பாடினார்கள். கூட்டத்தில் முன் வரிசை நாற்காலியில் இருந்த தரைத்தளத்துப் பாட்டி இரண்டாவது வரியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். பாட்டு முடிந்ததும் அவர் நிறுத்தவில்லை. 'கொண்டு வந்தான் ஒரு தோண்டி' என்று சத்தமாகவே எடுத்தார். ஐயா 'மெத்தக் கூத்தாடிக் கூத்தாடி' என்று சேர்ந்துகொண்டார். 'போட்டுடைத்தாண்டி'யை அந்த வரிசையே சேர்ந்து பாடியது. செயலாளர் சார் மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அதையும் என் பெண் போனில் எடுத்திருக்கிறாள். காக்காய்ச் சத்தமும் யார் வீட்டு குக்கர் விசிலும் சேர்ந்தே கேட்கிறது. இணையத்தில் போட்டிருக்கிறோம். இதுவரை யாரும் உரிமை கேட்டு வரவில்லை. பாட்டுப் புத்தகத்தில் மிச்சம் 130 பிரதி பரணில் இருக்கிறது, வேண்டுமென்றால் கேளுங்கள். திருத்திய பதிப்புதான்.